ரேட்டிங் சரியும்போது நியூஸ் ரூமில் நிலைத்து நிற்பது எப்படி?

செய்தி சேனலில் வேலை பார்ப்பவருக்கு வியாழக்கிழமையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. யார் எந்த சேனலைப் பார்க்கிறார்கள் என்று அளக்கும் பார்க் (BARC) நிறுவனத்தின் வாராந்திர ரேட்டிங் வரும் நாள் அது. எண் ஏறியிருந்தால் காலை மீட்டிங் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். இறங்கியிருந்தால் ஒரு மணி நேரம் நீளும், யாரோ ஒருவரின் வேலை ஆட்டம் காணும்.

தமிழில் செய்தி சேனல்களுக்குப் பஞ்சமில்லை. 2000இல் சன் நியூஸ் வந்தது. 2011இல் புதிய தலைமுறை, 2012இல் தந்தி டிவி, 2014இல் நியூஸ்7 தமிழ், 2016இல் நியூஸ்18 தமிழ்நாடு என்று அடுத்தடுத்து வந்தன. கட்சி சார்ந்த சேனல்களும் மாவட்ட கேபிள் சேனல்களும் தனி. இத்தனை பேரும் பங்கு போட்டுக்கொள்ளும் விளம்பரப் பணம் அந்த வேகத்தில் வளரவில்லை. பெரும்பாலான செய்தி சேனல்கள் இலவச சேனல்கள் என்பதால் சந்தா வருமானம் கிடையாது. பத்து விநாடிக்கு இவ்வளவு என்று விற்கும் விளம்பரம்தான் சோறு போடுகிறது. அதிலும் கேபிளில் நல்ல எண்ணில் சேனல் வருவதற்கே ஒரு பெரிய தொகை போய்விடுகிறது. வாடகை, சாட்டிலைட், மின்சாரம் எதையும் குறைக்க முடியாது. கடைசியில் கத்தி சம்பளத்தின் மேல்தான் விழுகிறது.

அப்போது நடப்பது எல்லா இடத்திலும் ஒன்றுதான். விலகிப் போனவர் இடத்துக்கு ஆள் எடுப்பதில்லை. இருப்பவர் இரண்டு பேர் வேலையைப் பார்க்கிறார். தவறு கூடுகிறது, சொந்தச் செய்தி குறைகிறது, பார்ப்பவர் அடுத்த சேனலுக்குப் போகிறார், எண் மேலும் இறங்குகிறது. இந்தச் சுழலுக்குள் நிற்கும் நிருபர், டெஸ்க்கில் இருப்பவர், எடிட்டர், ஒளிப்பதிவாளர், இந்தத் துறைக்கு வர நினைக்கும் மாணவர் ஆகியோரை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும்

ரேட்டிங்கைப் பார்த்துப் பயப்படுகிறவர்களில் பலருக்கு அது எப்படி வருகிறது என்று தெரியாது. சேனலின் ஒலியோடு, காதுக்குக் கேட்காத வாட்டர்மார்க் ஒன்று கலந்து போகிறது. தேர்ந்தெடுத்த வீடுகளில் பொருத்தியிருக்கும் மீட்டர் அதைப் பிடித்து, எந்த சேனல் எத்தனை நிமிடம் ஓடியது என்று பதிந்துகொள்கிறது. பார்ப்பது அப்பாவா, பாட்டியா, பிள்ளையா என்று சொல்ல அவரவருக்கு ஒரு பொத்தான் உண்டு. 2020 கணக்கில் நாடு முழுக்க மீட்டர் இருந்தது சுமார் 44,000 வீடுகளில். டிவி உள்ள வீடுகளோ சுமார் 21 கோடி. சராசரியாகப் பார்த்தால், ஒரு வீட்டு மீட்டர் ஏறக்குறைய 4,800 வீடுகளுக்காகப் பேசுகிறது.

இரவு எட்டு மணி சீரியலுக்கு இது போதுமான அளவுகோல். ஏராளமான வீடுகள் பார்க்கின்றன, ஒன்றிரண்டு விலகினால் தெரியாது. காலை பதினொரு மணிச் செய்திக்கு நிலைமை வேறு. பார்ப்பவர் கூட்டமே மெலிந்தது என்பதால், மீட்டர் உள்ள சில வீடுகள் வெளியூர் போனாலோ, அந்தப் பகுதியில் மின்தடை வந்தாலோ, கேபிளில் உங்கள் சேனலின் எண் மாறினாலோ ஆட்டம் தெரியும். செட் டாப் பாக்ஸைப் போட்டவுடன் முதலில் வந்து நிற்கும் லேண்டிங் பேஜ் இடத்தைப் போட்டி சேனல் வாங்கியிருந்தாலும் உங்கள் பங்கு சரியக்கூடும். இதில் எதுவும் நீங்கள் எழுதிய செய்தியின் தரத்தைப் பற்றிய தீர்ப்பு ஆகாது.

இன்னொன்று, டெஸ்க்கில் இருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டியது. 2020 அக்டோபரில், சில சேனல்களை ஓடவிடச் சொல்லி மீட்டர் வீடுகளுக்குப் பணம் கொடுக்கப்பட்டதாக மும்பை போலீஸ் குற்றம்சாட்டியது. அதையடுத்து செய்தி சேனல்களின் தனித்தனி எண்களை வெளியிடுவதை பார்க் நிறுத்திவைத்தது. 2022 மார்ச்சில் மறுபடி வந்தபோது, செய்திப் பிரிவுக்கு நான்கு வாரச் சராசரியாகத்தான் வந்தது. அதாவது இந்த வியாழக்கிழமை கையில் இருக்கும் எண், கடந்த நான்கு வாரங்களையும் சேர்த்துப் பிசைந்தது.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். ஒரு புயல் வாரம், ஒரு தேர்தல் முடிவு வாரம் என்று வந்தால் செய்தி பார்ப்பது பல மடங்கு கூடும். அந்த வாரம் சராசரிக்குள் இருக்கும் வரை எண் உயரத்தில் நிற்கும். ஐந்தாவது வாரம் அது கழன்று விழுந்ததும் எண் சட்டென இறங்கும். அன்றைக்குப் புதிதாக யாரும் தப்பு செய்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்த வாரம்தான் ஷோ மாறும், ஆங்கர் மாறுவார், டெஸ்க்கில் ஒருவருக்கு மெமோ வரும். மீட்டிங்கில், "சார், போன மாதம் மழை வாரம் உள்ளே இருந்தது, இப்போது வெளியே போய்விட்டது" என்று அமைதியாக ஒருவர் சொன்னால் பல அவசர முடிவுகள் தவிரும். அந்த ஒருவராக நீங்கள் இருங்கள்.

அதற்கு ஒரு சின்ன வேலை தேவை. ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, தினமும் உங்கள் புல்லட்டினில் முதல் மூன்று செய்தி என்ன, அன்று ஷிஃப்டில் எத்தனை பேர், என்ன பிரேக்கிங், என்ன கோளாறு என்று நான்கு வரி எழுதுங்கள். இரண்டு மாதம் எழுதினால், ரேட்டிங் அறிக்கை சொல்லாத காரணங்கள் உங்கள் கையில் இருக்கும்.

ஒரு நாற்காலிக்கு எத்தனை பேர்?

"ஆள் பத்தலை சார்." நியூஸ் ரூமில் இதைச் சொல்லாதவர் கிடையாது. அதனாலேயே இந்த வாக்கியத்துக்கு மதிப்பு போய்விட்டது. இதைக் கணக்காக மாற்றிச் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள்.

24 மணி நேர சேனலில், திரையின் அடியில் ஓடும் டிக்கரை அடிக்கும் ஒரு நாற்காலியை எடுத்துக்கொள்வோம். நாளைக்கு மூன்று ஷிஃப்ட், வாரத்துக்கு 21 ஷிஃப்ட். ஒருவர் வாரம் ஆறு ஷிஃப்ட் பார்க்க முடியும். எனவே மூன்றரை ஆள் வேண்டும். காய்ச்சல், கல்யாணம், பண்டிகை லீவு எல்லாம் சேர்த்தால் நான்கு பேர். அந்த நாற்காலிக்கு மூன்று பேர்தான் இருக்கிறார்கள் என்றால், யாருமே லீவு போடாத வாரத்தில்கூட மூன்று ஷிஃப்ட் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கும். காலை ஷிஃப்ட் முடித்தவர் மாலையும் உட்காருவார், அல்லது செய்திகளை வரிசைப்படுத்தி ரன் டவுன் போடுபவரே டிக்கரையும் பார்ப்பார். ரன் டவுன், அசைன்மென்ட், வீடியோ எடிட்டிங், கிராஃபிக்ஸ், ஒளிபரப்பை இயக்கும் பிசிஆர் என்று ஒவ்வொரு நாற்காலிக்கும் இந்தக் கணக்கைப் போடுங்கள். ஓட்டை எங்கே என்று ஒரு தாளில் தெரிந்துவிடும்.

அந்தத் தாளோடு போகும்போது கேட்பதையும் மாற்றுங்கள். "இன்னும் ரெண்டு ஆள் கொடுங்க" என்றால் பதில் உங்களுக்கே தெரியும். "சார், டிக்கர்ல வாரத்துக்கு மூணு ஷிஃப்ட் காலியா இருக்கு. ராத்திரி பதினொரு மணி புல்லட்டினை நிறுத்திட்டு ஒன்பது மணிச் செய்தியையே மறு ஒளிபரப்பு பண்ணினா, அந்த ஆட்களைக் காலை ஆறு மணிக்குக் கொண்டுவரலாம்" என்று கேட்டால், அவர் மேலே எடுத்துச் சென்று பேச ஒரு விஷயம் கிடைக்கிறது.

என் தீர்ப்பும் இதுதான். வருமானம் குறைந்த நிலையம் முதலில் குறைக்க வேண்டியது ஒளிபரப்பு நேரத்தை. ஆட்களை அல்ல. அரை மணிக்கு ஒரு புல்லட்டின் என்று ஒரே ஆறு செய்தியைத் தலைப்பு மாற்றி மாற்றிப் படிப்பதால் யாருக்கு என்ன பயன்? நாளைக்கு நான்கு புல்லட்டின் குறைத்தால் பார்ப்பவர் கவனிக்கக்கூட மாட்டார். ஒரு மாவட்ட நிருபரை நீக்கினால், அந்த மாவட்டமே ஒரு மாதத்தில் கவனித்துவிடும்.

மாவட்டத்தை இழக்காதீர்கள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த மழை நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை மீறியது, சாலைகள் அறுந்தன, பல இடங்களில் செல்போன் டவர் வேலை செய்யவில்லை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டார்கள்.

அப்படிப்பட்ட ஒரு நாளில், நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் சேர்த்து ஒரே நிருபர் என்று வைத்திருக்கும் சேனல் என்ன செய்ய முடியும்? அவர் பாளையங்கோட்டையில் மாட்டிக்கொண்டால் தூத்துக்குடி இருட்டுதான். சென்னையிலிருந்து நேரலை அனுப்பும் ஓபி வேன் கிளப்பினால் போய்ச் சேர ஒரு நாள். எந்த ஊர் ஆற்றங்கரையில் இருக்கிறது, எந்தப் பாலம் முதலில் மூழ்கும், எந்த கிராம நிர்வாக அலுவலர் போனை எடுப்பார் என்பதெல்லாம் பத்து வருடம் அங்கேயே சுற்றியவருக்குத்தான் தெரியும். இந்த அறிவு எந்த சர்வரிலும் சேமிக்கப்படுவதில்லை. அவர் போனால் அதுவும் போய்விடும்.

மாவட்டச் செய்தியாளர்கள் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஒளிபரப்பான செய்திக்கு இவ்வளவு என்று கணக்கு, அதிலும் பாக்கி. பெட்ரோல் சொந்தக் காசு. நெருக்கடி வரும்போது முதலில் வெட்டப்படுவதும் அவர்கள் தொகைதான். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. ஸ்டுடியோ விளக்குகள் எத்தனை பளிச்சென்று இருந்தாலும், வெளியிலிருந்து செய்தி அனுப்ப ஒருவர் இல்லாவிட்டால் ஆங்கர் படிக்க என்ன இருக்கும்?

நீங்கள் மாவட்டத்தில் இருப்பவர் என்றால், ஒரு ஸ்பாட்டுக்குப் போகும்போதே முழுதாக எடுத்துவிடுங்கள். தூரம், நடுத்தரம், நெருக்கம் மூன்றிலும் ஒரு நிமிடமாவது அசையாத ஷாட் எடுங்கள். அந்த இடத்தின் சத்தம் தனியாகக் கொஞ்சம் இருக்கட்டும். பாதிக்கப்பட்டவரின் பைட் (பேட்டித் துண்டு) ஒன்று, பொறுப்பான அதிகாரியின் பைட் ஒன்று, உங்கள் பீஸ் டு கேமரா ஒன்று. அதே இடத்தில் போனை நிமிர்த்திப் பிடித்து யூடியூப் ஷார்ட்ஸுக்கு ஒரு நிமிடம். கிளம்பும் முன் இரண்டு பேரின் போன் எண். இதற்கு இருபது நிமிடம் கூடுதலாகும். ஆனால் டெஸ்க்கில் ஆளில்லாத இரவில், உங்கள் பேக்கேஜ் மட்டும் திருத்தம் இல்லாமல் ஓடும். அப்படி அனுப்புபவரின் பெயரைச் சேர்க்கும் முன், ஆட்குறைப்புப் பட்டியல் போடுபவர் இருமுறை யோசிப்பார்.

இரவு டெஸ்க்கில் தனியாக

ஆள் குறைவின் உண்மையான ஆபத்து நள்ளிரவில்தான். இரவு இரண்டு மணி, டெஸ்க்கில் நீங்கள் ஒருவர் மட்டும் என்று வைத்துக்கொள்வோம். பெரம்பலூர் அருகே ஆம்னி பஸ் லாரி மீது மோதியதாக வாட்ஸ்ஆப் குரூப்பில் வருகிறது. ஒருவர் ஐந்து பேர் பலி என்கிறார், இன்னொருவர் மூன்று என்கிறார். போட்டி சேனலில் ஏற்கெனவே "5 பேர் பலி" ஓடிக்கொண்டிருக்கிறது. கை துறுதுறுக்கும்.

எண் இல்லாமல் போடுங்கள். "பெரம்பலூர் அருகே ஆம்னி பேருந்து – லாரி மோதி விபத்து." விபத்து நடந்தது உறுதி என்றால், இதில் பொய்யாகக்கூடியது எதுவும் இல்லை. பிறகு காவல் நிலையத்துக்கு ஒரு போன், அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு ஒரு போன், உங்கள் நிருபருக்கு ஒரு போன். பெயரும் பதவியும் சொல்லி ஒருவர் உறுதிசெய்த பிறகே எண்ணிக்கை. இறந்தவர் பெயரைக் குடும்பத்துக்குத் தகவல் போகும் முன் போடவே கூடாது. ஒரு தாய் தன் மகன் பெயரை டிக்கரில் படித்துத் தெரிந்துகொள்ளும் கொடுமைக்கு எந்த ரேட்டிங்கும் ஈடாகாது.

வேலைப்பளு எவ்வளவு இருந்தாலும் இன்னொரு கண் பார்க்காமல் போகக் கூடாத செய்திகள் உண்டு. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகம், வீடு, பள்ளி, குடும்பம் எதுவும் வெளியே தெரியக் கூடாது. போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு அதைக் குற்றமாக்குகிறது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெரியவர்களுக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவில் அதே காப்பு. முகத்தை மறைத்துவிட்டு வீட்டு வாசலைக் காட்டுவதும், தெருப் பெயர்ப் பலகையை ஓரத்தில் விட்டுவிடுவதும் அவசரத்தில் நடக்கிற தவறுகள். டெஸ்க்கில் வேறு யாரும் இல்லையா? பிசிஆரில் இருப்பவரைக் கூப்பிட்டு ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். அதற்கும் வழியில்லை என்றால் அந்த விஷுவலை நிறுத்துங்கள். தாமதத்துக்குத் திட்டு விழும், விழட்டும்.

அடுத்தவர் வீடியோவை அனுமதியில்லாமல் எடுத்துப் போடுவதும் ஆபத்துதான். யூடியூபில் 90 நாளுக்குள் மூன்று காப்புரிமை ஸ்ட்ரைக் விழுந்தால் சேனலையே மூடிவிடும் நிலை வரும். டிவி வருமானம் சுருங்கிய நிலையத்துக்கு யூடியூப்தான் கைச்செலவுக்கு வரும் வழி.

அறிகுறிகள்

நிலையம் தள்ளாடுகிறதா என்பதை ஹெச்.ஆர். உங்களுக்குச் சொல்ல மாட்டார். வாசலில் தெரியும். ட்ராவல்ஸ்காரர் பாக்கி கேட்டு வண்டி அனுப்ப மறுப்பார். லைவ் அனுப்பும் பேக்பேக்கில் சிம் ரீசார்ஜ் ஆகியிருக்காது. செய்தி ஏஜென்சி சந்தா நின்றுபோகும். ஒன்றாம் தேதி வந்த சம்பளம் ஏழு, பத்து, பதினைந்து என்று நகரும். இதில் முதலில் பார்க்க வேண்டியது பிஎஃப். பிடித்த பணத்தை நிறுவனம் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். உமங் செயலியில் பாஸ்புக்கைத் திறந்தால் கட்டியிருக்கிறார்களா என்று தெரிந்துவிடும். இரண்டு மாதம் காலியாக இருந்தால் வேலை தேட ஆரம்பித்துவிடுங்கள்.

இரவு ஷிஃப்ட் பெண்களுக்கு ஒரு வார்த்தை. கேப் நின்றுவிட்டது, ஆட்டோவில் போய்க்கொள்ளுங்கள் என்று சொன்னால் ஏற்காதீர்கள். இரவு ஏழுக்கு மேல் காலை ஆறுக்கு முன் பெண்களை வேலைக்கு வைக்க அவர்கள் சம்மதமும் பாதுகாப்பு ஏற்பாடும் வேண்டும் என்பது சட்டம். வண்டி இல்லாவிட்டால் பகல் ஷிஃப்ட் என்று எழுத்தில், மெயிலில் கேளுங்கள்.

காகிதம்

1955ஆம் ஆண்டின் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் அச்சுப் பத்திரிகைகளுக்கானதாக இருந்தது. மஜீதியா ஊதிய வாரியமும் அச்சு ஊடகத்தோடும் செய்தி ஏஜென்சிகளோடும் நின்றது. டிவி பத்திரிகையாளர்கள் பல ஆண்டு இந்தக் குடைக்கு வெளியில்தான் நின்றார்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் பத்திரிகையாளர் என்ற வரையறைக்குள் மின்னணு ஊடகமும் டிஜிட்டலும் சேர்ந்துவிட்டன.  குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஓர் ஆண்டுப் பணியிலேயே பணிக்கொடை உரிமை உண்டு. விலகினாலும் நீக்கினாலும் இரண்டு வேலை நாட்களுக்குள் ஊதிய பாக்கியைத் தர வேண்டும் என்கிறது ஊதியத் தொகுப்பு.

ஆனால் சட்டம் உங்களுக்கு உதவ வேண்டுமானால் கையில் தாள் இருக்க வேண்டும். பணி நியமனக் கடிதம், ஒவ்வொரு மாதச் சம்பளச் சீட்டு, பதவி உயர்வு மெயில், ஷிஃப்ட் ரோஸ்டர் எல்லாவற்றின் நகலும் வீட்டில் இருக்கட்டும். அலுவலக மெயிலில் மட்டும் வைத்திருந்தால் நீக்கிய அன்றே அந்தக் கதவு மூடிவிடும். அசல் சான்றிதழ்களை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். "நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துடுங்க, நல்லபடியா முடிச்சுக்கலாம்" என்று அறைக்குள் வைத்துச் சொல்வார்கள். அந்த அறையிலேயே கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு நாள் அவகாசம் கேளுங்கள், தொழிலாளர் சட்டம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

எப்போது கிளம்புவது?

ரேட்டிங் இறங்கியதற்காகக் கிளம்பாதீர்கள். சிறிய, தடுமாறும் நிலையத்தில்தான் இருபத்தைந்து வயதில் ஒருவர் ரன் டவுன் போடவும், லைவ் நடத்தவும், ஒரு மாவட்டத்தையே பார்த்துக்கொள்ளவும் வாய்ப்பு கிடைக்கும். கற்றுக்கொள்ள ஏதாவது மிச்சம் இருக்கும் வரை, சம்பளம் வரும் வரை, அங்கே இருப்பதில் நஷ்டமில்லை. சம்பளம் இரண்டு மாதம் நின்றாலோ, தெரிந்தே பொய்ச் செய்தி போடச் சொன்னாலோ, உடம்பு கெட ஆரம்பித்தாலோ தயங்க வேண்டாம். உங்கள் சிறந்த பத்து வேலைகளின் வீடியோ தனி ஹார்ட் டிஸ்கில் தயாராக இருக்கட்டும்.

கிளம்பும் நாளில் ஒன்று மட்டும் செய்யுங்கள். உங்கள் இடத்துக்கு வருபவர், பெரும்பாலும் உங்களைவிடக் குறைந்த சம்பளத்துக்கு எடுக்கப்பட்ட ஒரு புதுப் பையனோ பெண்ணோ, உங்களுக்கு எதிரி இல்லை. அரசு மருத்துவமனை, தாசில்தார் அலுவலகம், தீயணைப்பு நிலையம், ஊர்த் தலைவர்கள் என்று நீங்கள் சேர்த்த எண்களில் ரகசியமாகத் தகவல் தருபவர்களைத் தவிர மற்றவற்றை அவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். அடுத்த வெள்ளம் வரும்போது அந்த ஊர்க்காரர்களுக்கு யாராவது ஒரு நிருபர் போனை எடுக்க வேண்டும்.